மேகத்துக்குள் ஒரு கொடிக்கயிறு: மலைவீட்டுக்கான சலவை இயந்திரம்

உதகமண்டலத்தில் ஜூலை மாதத்துக் காலையொன்றில் கொடியில் போட்ட சட்டையை மாலையில் எடுத்துப் பார்த்தால், சில நாள்களில் அது போட்டபோது இருந்ததைவிடக் கனமாகவே இருக்கும். குளிர்தான் இதற்குக் காரணம் என்று சமவெளியிலிருந்து வருபவர்கள் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஜனவரியில் புல்வெளியெங்கும் உறைபனி வெளுத்துக் கிடக்கும் நாளில், அதே கொடியில் அதே சட்டை பிற்பகலுக்குள் காய்ந்துவிடுகிறது. அந்நாளில் காற்று குளிர்ந்திருந்தாலும் வறண்டிருக்கிறது, வெயிலும் உறைக்கிறது. ஜூலையில் நிலைமை வேறு. 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 13 கிராம் நீராவியைத்தான் ஏற்கும். அந்த 13 கிராமும் நிரம்பி, அதற்கு மேற்பட்ட ஈரம் நுண்துளிகளாக மிதக்கும் நிலையையே மூடுபனி என்கிறோம். நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியாததுபோல, அந்தக் காற்று துணியிலிருந்து எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

ஆனால் அதே காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் கொள்ளளவு கன மீட்டருக்கு 30 கிராமாக உயர்ந்து, ஏற்கெனவே இருப்பதைக் கழித்தபின் சுமார் 17 கிராமுக்கு இடம் பிறக்கிறது. கணப்பருகே நாற்காலியின் முதுகில் ஸ்வெட்டரை விரித்து வைக்கும் பழைய வழக்கம் இதனால்தான் பலன் தருகிறது. நெருப்பு துணியைச் சூடாக்குவதோடு, துணியைச் சுற்றியுள்ள காற்றுக்குப் பசியையும் உண்டாக்குகிறது.

மூன்று நாள் ஈரமாகவே கிடக்கும் துணியில் எழும் முடைநாற்றத்துக்கும் இந்தத் தாமதமே காரணம். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியம், நம் தோலிலிருந்து துணியில் படிந்த எண்ணெய்ப் பசையைச் சிதைத்து, அந்த நாற்றத்துக்குரிய அமிலத்தை உண்டாக்குகிறது. எவ்வளவு நன்றாகத் துவைத்தாலும் உலர்வது தாமதமானால் துவைத்த பயன் கெட்டுவிடும் என்பதால், நீலகிரியில் ஒரு வீட்டுக்கு இயந்திரம் வடிவமைப்பவர் முதலில் உலர்த்தியை வடிவமைத்து, அதற்கு ஏற்றதாகத் துவைக்கும் பகுதியை அமைக்க வேண்டும் என்பது என் கருத்து. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கூட்டு இயந்திரங்கள் இதற்கு நேர்மாறாக, துவைக்கும் இயந்திரத்துக்குள் ஓர் ஹீட்டரையும் காற்றாடியையும் நுழைத்தவையாகவே இருக்கின்றன.

கணக்கு எளிது. அறை வெப்பநிலையில் ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,450 கிலோஜூல், அதாவது 0.68 யூனிட் மின்சாரம் தேவை. எந்த உற்பத்தியாளராலும் குறைக்க முடியாத இயற்கையின் விலை இது; ஒரு முறை கொடுத்த வெப்பத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தலாமே தவிர, தள்ளுபடி கேட்க முடியாது. நீர் கொதித்தாக வேண்டும் என்பதுமில்லை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேகக் குக்கர் தேவைப்படுகிறது, ஆனால் துணி உலர்வதற்கும் கொதிநிலைக்கும் தொடர்பில்லை. உலர்வது என்பது கொதிநிலைக்குக் கீழேயே நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் காற்றுக்குத் தப்பிச் செல்வதுதான்.

ஆவியாக்குவது இவ்வளவு விலையுள்ளது என்றால், ஆவியாக்க வேண்டிய நீரின் அளவைக் குறைப்பதே முதல் வேலை. இங்குதான் பிழியும் சுழற்சி முக்கியமாகிறது. 25 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 800 சுற்று சுழலும்போது, துணியின் மேல் செயல்படும் மையவிலக்கு விசை புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 180 மடங்கு. 1,400 சுற்றில் அது 550 மடங்கை நெருங்குகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதே இந்த ஏற்றத்துக்குக் காரணம். 5 கிலோ பருத்தித் துணியை 800 சுற்றில் பிழிந்தால் அதில் மூன்றரை கிலோ அளவுக்கு நீர் தங்கும். 1,400 சுற்றில் பிழிந்தால் இரண்டரை கிலோ. அந்த ஒரு கிலோ வேறுபாட்டை வெப்பத்தால் விரட்ட 2,450 கிலோஜூல் ஆகும். துணியையும் உருளையையும் அந்த வேகத்துக்கு ஏற்றத் தேவையான இயக்க ஆற்றலோ 20 கிலோஜூலைத் தாண்டுவதில்லை. சில நிமிடம் அந்த வேகத்தைத் தக்கவைக்க மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைச் சேர்த்தாலும் பிழிதலே வெகு மலிவு.

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. பறித்து வந்த இலையை யாரும் நேராக உலர்த்தியில் கொட்டுவதில்லை. நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி மணிக்கணக்கில் வாட்டியபின், அரைத்து, நிறம் மாறவிட்டு, இறுதியில்தான் கடுஞ்சூட்டுக்கு அனுப்புகிறார்கள். மழைக்காலத்தில் வாட்டும் காற்றையே சற்றுச் சூடாக்கி ஊதுவதும் உண்டு. மலிவான வழியில் போகக்கூடிய ஈரத்தை முதலில் போக்கிவிட்டு, பிடிவாதமான மிச்சத்துக்கு மட்டும் எரிபொருளைச் செலவிடுவது அங்கே தொழில் ஒழுங்கு. சலவை இயந்திரமும் அதையே பின்பற்றலாம்.

இதில் குளிர் ஒரு விதத்தில் இடையூறு செய்கிறது. 12 டிகிரி நீரின் பிசுக்குமை 40 டிகிரி நீரினுடையதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நூலிழைகளின் இடுக்குகளிலிருந்து அது மெதுவாகவே கசிகிறது. கடைசி அலசலுக்கான 12 லிட்டர் நீர் முழுவதையும் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும், ஆனால் 0.4 யூனிட் செலவாகி, அந்தச் சூடும் சாக்கடைக்கே போய்ச்சேரும். அதைவிட, பெரும்பகுதி நீரை முதலில் பிழிந்தெடுத்துவிட்டு, சுழற்சியின் பிற்பகுதியில் வெந்நீருக்குப் பதிலாகச் சூடான காற்றை உருளைக்குள் செலுத்துவதே புத்திசாலித்தனம். அப்போது துணியில் எஞ்சிய மூன்று கிலோ நீரை மட்டும் சூடாக்க 0.1 யூனிட் போதும். அந்தச் சூடும் வீணாகாது, ஏனென்றால் அடுத்து வரும் உலர்த்தலுக்கு எப்படியும் துணி சூடாகியே தீர வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன அளவுள்ள உருளை நிமிடத்துக்கு 60 சுற்றைத் தொடும்போது மையவிலக்கு விசை புவியீர்ப்புக்குச் சமமாகிறது. அதற்குக் கீழே, 45 அல்லது 50 சுற்றில், துணி மேலே தூக்கப்பட்டு நீரில் விழுந்து அடிபடும். வண்ணான் துறையில் கல்லில் அறைவதற்கு இணையான செயல் இதுவே. 60-ஐத் தாண்டினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றிவரும். பிழியத் தொடங்குமுன் இயந்திரம் 90 சுற்று அளவில் சிறிது நேரம் தயங்கித் தயங்கிச் சுற்றுவதைப் பலர் பழுது என்று கருதுகிறார்கள். துணியைச் சுவரெங்கும் சமமாகப் பரப்பி, மோட்டாரின் வேகம் ஏறி இறங்குவதைக் கொண்டு பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று அது சோதிக்கும் நேரம் அது. ஒரே ஒரு கனத்த கம்பளிப் போர்வையைப் போட்டால், சமன் செய்ய எதிர்ப்பக்கத்தில் வேறு துணி இல்லாமல், இயந்திரம் பிழிய மறுத்து நின்றுவிடும்.

துவைக்கும் பகுதியைப் பொறுத்தவரை, ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் வகுத்த வட்டம் இன்றும் பயன்படுகிறது. வேதிப்பொருள், வெப்பம், அசைவு, நேரம் ஆகிய நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும் என்பது அதன் சாரம். மலைவீட்டில் குறைவது வெப்பம். சலவைத்தூளில் உள்ள நொதிகள் 30 முதல் 60 டிகிரி வரையில் சுறுசுறுப்பாக இயங்குபவை. 12 லிட்டர் நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, குழாயில் 27 டிகிரி நீர் வரும் சமவெளி வீட்டில் 0.18 யூனிட் போதுமென்றால், 12 டிகிரி நீர் வரும் மலைவீட்டில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆகும். இந்தச் செலவுக்கு அஞ்சிக் குளிர்நீரிலேயே துவைப்பவர்கள், ஊறவைக்கும் நேரத்தை நீட்டியே ஈடுகட்ட வேண்டும்.

வேதிப்பொருளில் மலைக்குச் சாதகமான ஒரு செய்தி உண்டு. நீலகிரியின் சார்னோகைட் பாறைகளில் சுண்ணாம்புச் சத்து குறைவு, மழையோ மிகுதி. ஆகையால் ஓடைநீர் பெரும்பாலும் மென்நீர். ஆழ்துளைக் கிணற்று உப்புநீருக்காகக் கணக்கிட்ட அளவில் தூளைக் கொட்டினால் நுரை பொங்கி, துணி விழும் வேகத்தை அந்த நுரையே மெத்தைபோல் தாங்கி, அசைவின் பலனைக் குறைத்துவிடும். வெளியேற்றும் பம்பும் நுரையை இறைக்க முடியாமல் திணறும். பாதியளவு தூளே பெரும்பாலும் போதும்.

உயரத்தால் சிறிதும் பாதிக்கப்படாத ஓர் உறுப்பும் உண்டு. தொட்டியின் அடியில் உள்ள குழாயில் சிறைப்பட்ட காற்றின் அழுத்தத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அறியும் உணரி, உள்ளழுத்தத்தை வெளிக்காற்றோடு ஒப்பிடுவதால், 10 சென்டிமீட்டர் நீர் அதற்கு மேட்டுப்பாளையத்திலும் உதகையிலும் ஒன்றே.

உலர்த்தியில் அப்படியில்லை. ஒரு கன மீட்டர் காற்று ஏற்கும் நீராவியின் அளவு வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது, ஆனால் அது சுமந்து செல்லும் வெப்பம் காற்றின் அடர்த்தியைச் சார்ந்தது. உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அளவே இருப்பதால், அதே காற்றாடி அதே வேகத்தில் சுழன்றாலும் ஹீட்டரிடமிருந்து கால் பங்கு குறைவான வெப்பத்தையே துணிக்குக் கொண்டுசேர்க்கும். மிச்ச வெப்பம் ஹீட்டரைச் சுற்றியே தேங்கி, பாதுகாப்புக்காக வைத்த வெப்பக்கட்டுப்பாடு அடிக்கடி மின்சாரத்தைத் துண்டிக்கும். காற்றோட்டத்தின் கன அளவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டும்படி காற்றாடியைத் தேர்ந்தெடுத்தாலே இது தீரும்.

ஈரக்காற்றை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. குழாய் வைத்து ஜன்னல் வழியே வெளியேற்றினால், அதற்கு ஈடாக வெளியே நிற்கும் மூடுபனியே வீட்டுக்குள் வரும். எனவே காற்று இயந்திரத்துக்குள்ளேயே சுழல வேண்டும், அதிலுள்ள ஆவி நீராகப் பிரிய வேண்டும். பல கூட்டு இயந்திரங்கள் குழாய்நீரை ஓடவிட்டு அந்த ஆவியைக் குளிரவைக்கின்றன. ஒரு கிலோ ஆவி நீராகும்போது விடும் வெப்பத்தை, 12 டிகிரி நீர் 40 டிகிரி வரை சூடேறி வாங்கிக்கொள்ள 20 லிட்டர் வேண்டும். 28 டிகிரி நீரென்றால் 48 லிட்டர் வேண்டும். மலையின் குளிர்நீர் இங்கே பெரிய உதவிதான். ஆனாலும் மூன்று கிலோ ஈரத்துக்கு 60 லிட்டர் நல்ல நீரைச் சாக்கடைக்கு விடுவதை, கோடையில் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு குடங்களை நிரப்பி வைக்கும் வீடுகளில் எவரும் ஏற்கமாட்டார்கள்.

ஹீட் பம்ப் முறையே இதற்குச் சரியான விடை. குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதைப் போன்ற ஒரு சுற்று, ஈரக்காற்றைத் தன் குளிர்ந்த சுருளில் மோதவைத்து நீரைப் பிரித்து, அப்போது கிடைத்த வெப்பத்தைத் தன் சூடான சுருள் வழியே அதே காற்றுக்குத் திருப்பித் தருகிறது. ஆவியாக்கச் செலவிட்ட வெப்பம் வெளியேறாமல் மீண்டும் மீண்டும் உழைப்பதால், சாதாரண ஹீட்டர் இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவே போதும். காற்றின் சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் வைக்க முடிவதால் துணிக்கும் கேடு குறைவு. கம்பளியை மட்டும் இதிலும் உருட்டாமல் இருப்பது நல்லது, ஏனெனில் அதன் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஸ்வெட்டர் சுருங்கிவிடும். குளிர்ந்த அறையில் சுற்று சூடேற நேரம் பிடிக்கும் என்பதால், தொடக்கத்தில் பத்து நிமிடம் கைகொடுக்க ஒரு சிறிய ஹீட்டரும் இருக்கட்டும். மழைநாள்களில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180-க்கு இறங்கினால் ஹீட்டரின் திறன் 61 சதவீதமாகச் சரிந்துவிடுவதால், உலர்த்தலை நிமிடக் கணக்கில் மட்டும் நம்பியிருக்கும் இயந்திரம் ஈரத்துணியையே தரும்.

அப்படியானால் துணி உலர்ந்துவிட்டது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? உருளையின் வாயில் உள்ள இரண்டு உலோகப் பட்டைகளைத் துணி தொடும்போது, அவற்றுக்கிடையே பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பார்த்து, ஈரமா உலர்வா என்று தீர்மானிப்பதே பரவலான முறை. எங்கள் வீட்டு இயந்திரம் மணியடித்து முடித்தபின்னும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டி சில்லென்று இருந்ததற்குக் காரணம் தேடியபோதுதான் மென்நீரின் மறுபக்கம் புரிந்தது. உப்புகள் குறைந்த நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. உணரிக்கு ஈரத்துணியே உலர்ந்த துணிபோலத் தெரிகிறது. சில இயந்திரங்களில் நீரின் கடத்துதிறனுக்கு ஏற்ப இதைத் திருத்த ஓர் அமைப்பு மறைந்து கிடக்கிறது, கடைக்காரர்கள் அதைச் சொல்வதில்லை.

நான் வடிவமைத்தால் பட்டைகளை மட்டும் நம்பமாட்டேன். துணியில் ஈரம் உள்ளவரை ஆவியாதல் வெப்பத்தை விழுங்கிக்கொண்டே இருப்பதால், உருளையிலிருந்து வெளிவரும் காற்று உள்ளே போனதைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஈரம் தீரும்போது இரண்டின் இடைவெளி சுருங்கும். இந்த வேறுபாட்டை இரண்டு மலிவான வெப்ப உணரிகள் காட்டிவிடும். அதோடு, நீர் விடுமுன் காய்ந்த துணியைச் சுழற்றும்போதும், பிழிந்து முடிந்தபின் சுழற்றும்போதும் மோட்டார் பட்ட சிரமத்தை ஒப்பிட்டால், துணியில் எத்தனை கிலோ நீர் தங்கியிருக்கிறது என்பதும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். பிரிந்து வடியும் நீரை ஒரு சிறு தொட்டியில் பிடித்து அளந்தால், இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைக் கழித்தல் கணக்கே சொல்லும்.

முடிந்தபின் கதவைத் திறக்கும் நேரமும் வடிவமைப்பில் சேர்ந்ததே. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும் இயல்புடையது, மூடுபனி நுழைந்த அறையில் அது உறிஞ்சத் தொடங்க அதிக நேரம் ஆகாது. ஆகவே ஆள் வரும்வரை கதவை மூடியே வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை உருளையை மெல்லச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். எடுப்பவரும் சூடு ஆறுமுன் மடித்து, பீரோவில் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும்.