அந்தக் குழாய் இன்றும் தேவையா?

மருத்துவமனையில் சேர்ந்து மூன்று நாள் கழித்து ஒரு நோயாளிக்குப் புதிதாகக் காய்ச்சல் வந்தால், முதலில் போர்வையை விலக்கிப் பார்ப்பேன். உடம்பில் என்னென்ன குழாய்கள் இருக்கின்றன, எப்போது போட்டவை, இன்னும் எதற்காக இருக்கின்றன? தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரின் அன்றாட வேலையில் பாதி இந்தக் கேள்விகள்தான்.

மருத்துவமனையில் சேரும் 100 பேரில், வசதியான நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் சிகிச்சையின்போதே ஏதாவதொரு தொற்று வருகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. இவற்றில் பலவற்றைத் தடுக்க முடியும்.

சிறுநீர்க் குழாயையே எடுத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சையின்போது போடுகிறார்கள். அப்போது அது அவசியம். மறுநாள் நோயாளி எழுந்து உட்கார்கிறார், அடுத்த நாள் நடக்கிறார். குழாய் மட்டும் அப்படியே இருக்கிறது. இரவில் கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போக வேண்டாம், படுக்கை நனையாது என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. ஆனால், குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை இருக்கிறது. வசதிக்காகக் குழாயை விட்டுவைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. வயதானவர்களுக்கு டயப்பரை நேரத்துக்கு மாற்றுவது எவ்வளவோ மேல்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கவனித்துப் பாருங்கள். குழாயோடு இணைந்த, சிறுநீர் சேரும் பையை எடுத்து நோயாளியின் கால்களுக்கு நடுவிலோ வயிற்றின் மேலோ வைத்துவிடுவார்கள். பையில் தேங்கியது குழாய் வழியாகத் திரும்ப ஏற இது போதும். கிளம்பும் முன் பையைக் காலி செய்து, நோயாளியின் அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட வேண்டும். "அம்மா, பை மேலே இருந்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள்" என்று கூட இருப்பவர்களிடம் சொல்லிவைப்பது என் வழக்கம். அவர்கள் மறப்பதே இல்லை.

காலி செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே குவளையோடும் ஒரே கையுறையோடும் படுக்கை படுக்கையாகப் போனால், முதல் படுக்கையின் கிருமி கடைசிப் படுக்கை வரை போய்ச் சேரும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் குவளை வேண்டும். பையின் திறப்புமுனை அதில் படக்கூடாது. கையுறை அணிந்தவரின் கை சுத்தமாக இருக்கலாம்; அதனால் கையுறையும் சுத்தம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி.

"குழாய் இருக்கிறதே, தொற்று வராமல் ஆன்டிபயாடிக் கொடுங்கள் சிஸ்டர்" என்று கேட்பவர்கள் நிறைய. குழாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளரும்.

டிரிப்ஸ் ஏற்றக் கையில் போடும் வென்ஃப்ளானுக்கும் இதே கதைதான். மருந்தெல்லாம் மாத்திரைக்கு மாறிய பிறகும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டுவைக்கிறார்கள். வென்ஃப்ளான் இருக்கும் இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, தொட்டால் வலித்தாலோ, ஒட்டு நனைந்து பிரிந்தாலோ உடனே சொல்லுங்கள். மருந்து செலுத்தும் முன் வென்ஃப்ளானின் வாயை ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் துடைக்க வேண்டும்.

காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" தேவைதான் என்றால் காரணத்தைச் சொல்வார்கள். கேட்டதற்காக நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குப் போன பிறகும் சில நாள் கவனம் தேவை. வென்ஃப்ளானை எடுத்த பின்னும் அந்த நரம்பு சிவந்து தடிக்கலாம். குளிர்காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அறுவைக் காயத்தில் சீழ் என்று எது வந்தாலும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு மருத்துவரிடம் போய், எந்தக் குழாய் எத்தனை நாள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.