மங்கில் இறங்கிய மழை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. ஸ்டோரில் பாலைச் சும்மா நிறுத்துக்கொள்ள மாட்டார்களாம். கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு, தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேண்டுமென்றே கலந்தவருக்கு அளவு குறையும். மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் மழை இறங்கிய நாளில், ஒரு சொட்டும் கலக்காத பாட்டிக்கும் குறையும்.

நபிகள் நாயகத்தின் சொல், செயல் பற்றிய செய்தியான ஹதீஸின் அறிவிப்பாளர்களை அறிஞர்கள் எடைபோட்ட முறையைப் படித்தபோது அந்த ஸ்டோர்தான் கண்ணில் நின்றது. நபிமொழி ஒவ்வொன்றும் அதைக் கைமாற்றியவர்களின் பெயர்த் தொடரோடு வருகிறது. தொடரில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக இரண்டு கேள்வி: ஆள் நேர்மையானவரா? அது அதாலத். கேட்டதைப் பிசகாமல் காத்தாரா? அது ளப்த். முதல் கேள்வியில் தேறியவர் இரண்டாவதில் விழலாம்.

எகிப்தின் நீதிபதி இப்னு லஹீஆ (மறைவு ஹிஜ்ரி 174) அப்படித்தான் பேசப்படுகிறார். அவருடைய ஏடுகள் தீயில் எரிந்தன. பிறகு நினைவிலிருந்து சொன்னதில் குழப்பம் வந்தது என்கிறார்கள். அதனால் அவரிடமிருந்து வரும் செய்தியை, மாணவர் எப்போது கேட்டார் என்று பார்த்தே பலர் எடுத்தார்கள். இப்னுல் முபாரக் போல தீக்கு முன்னமே கேட்டவர்கள் சொன்னால் மதிப்பு கூடுதல். ஒரே மனிதருக்குக் காலத்தை வைத்து இரண்டு மதிப்பெண்! இந்த நுணுக்கம்தான் என்னை அசத்தியது. உறவும் குறுக்கே நிற்கவில்லை. ஹதீஸ் அறிஞர் அலீ பின் அல்மதீனி, அறிவிப்பாளரான தன் தந்தையையே பலவீனமானவர் என்று சொன்னார்.

சரி, நினைவாற்றலை எப்படி அளப்பது? பெரும்பாலும் ஒப்பிட்டுத்தான். ஒரே ஆசிரியரிடம் பலர் கேட்டிருப்பார்கள். மற்றவர்கள் ஒன்றுபோலச் சொல்ல, ஒருவர் மட்டும் அடிக்கடி மாற்றிச் சொன்னால், பிசகு யாரிடம் என்று தெரிந்துவிடும்.

நேரடிச் சோதனையும் உண்டு. இராக்கின் கூஃபா நகரில் அபூ நுஐம் என்ற அறிவிப்பாளரைப் பார்க்க, ஹதீஸ் அறிஞர்களான யஹ்யா பின் மயீனும் அஹ்மத் பின் ஹன்பலும் இன்னொரு தோழரும் போனார்கள். அபூ நுஐமின் ஹதீஸ்கள் முப்பதை யஹ்யா ஒரு தாளில் எழுதி, பத்துக்கு ஒன்றாக அவருடையது அல்லாததைச் செருகி வைத்திருந்தார். வாசிக்க வாசிக்க அபூ நுஐம் பேசாமல் கேட்டார். பதினொன்றாவது வந்ததும், "இது என்னுடையது இல்லை, அடித்துவிடு" என்றார். இரண்டாவது செருகலையும் பிடித்தார். மூன்றாவதில் அவர் பார்வையே மாறியது. அஹ்மத் இப்படிச் செய்ய மாட்டார், மற்றவருக்கு அந்தத் துணிச்சல் இல்லை, இது உன் வேலைதான் என்று சொல்லி, யஹ்யாவை மண் திண்ணையிலிருந்து உதைத்துத் தள்ளினார். யஹ்யாவுக்குக் கோபமே வரவில்லை. இந்தப் பயணத்தைவிட அந்த உதை எனக்குப் பிரியமானது என்றாராம்.