கொல்லன் தெருவில் உருளைக்கிழங்கு

வேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருந்தார்: "அமெரிக்காவில் உணவு வங்கிகள் இருக்கின்றனவாமே. மிஞ்சியதை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் இதில் அறிவியல் எங்கே வருகிறது?" நன்றாகவே வருகிறது. ஏலச்சீட்டு பிடித்த குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும் அறிவியல் அது.

முதலில் கதைச் சுருக்கம். அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்கான இலவச உணவுக்கூடம் ஒன்றில் தொண்டு செய்துவந்தார். கடைகள் தூக்கி எறிந்ததில் நல்லதாகப் பொறுக்கித் தன் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்ட ஒரு தாயை அங்கே சந்தித்தார். பணத்துக்கு இருப்பதுபோல உணவுக்கும் ஒரு வங்கி இருக்கவேண்டும் என்றாராம் அந்த அம்மா. 1967-இல் செயின்ட் மேரீஸ் உணவு வங்கி தொடங்கியது இப்படித்தான். இன்று ஃபீடிங் அமெரிக்கா என்ற அமைப்பின் கீழ் ஏறக்குறைய 200 உணவு வங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தைக் கவனித்துக்கொள்கிறது. பெரும்பாலும் பசித்தவர் நேராக அங்கே போவதில்லை. மொத்த வியாபாரியின் கிடங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தேவாலயங்களுக்கும் சின்னச் சின்ன விநியோக மையங்களுக்கும் சரக்கு பிரிந்து போகும்.

பெரிய உணவு நிறுவனங்கள் தேசிய அமைப்புக்கு லாரி லாரியாக நன்கொடை தருகின்றன. எந்த லாரியை எந்த ஊருக்கு அனுப்புவது? 2005 வரை இதற்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் நிற்கும் வங்கிக்குத் தொலைபேசி போகும். "ஒரு லாரி உருளைக்கிழங்கு இருக்கிறது, வேண்டுமா?" சில மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். வாங்கினாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். லாரி வாடகையும் அவர்கள் தலையில்.

ரேஷன் கடை வரிசைபோல நியாயமாகத்தான் தெரிகிறது. கோளாறு எங்கே என்றால், இந்த வரிசைக்கு எடை மட்டும்தான் தெரியும். ஒரு கிலோ உருளைக்கிழங்கும் ஒரு கிலோ வேர்க்கடலை வெண்ணெயும் அதன் கண்ணுக்கு ஒன்று. ஐடஹோ மாநிலம் உருளைக்கிழங்குக்குப் பேர்போனது. உள்ளூர் விவசாயிகளே அங்குள்ள வங்கிக்கு மூட்டை மூட்டையாகக் கொடுப்பார்கள். அந்த வங்கியின் முறை வரும்போது உருளைக்கிழங்கு லாரி நின்றால், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஒவ்வொரு கிடங்கிலும் ஏற்கெனவே என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது என்பது தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வழியில்லை. சரக்கு இருந்தது, லாரி இருந்தது, நல்ல மனமும் இருந்தது. தகவல்தான் இல்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கனிஸ் பிரெண்டர்காஸ்டும் அவருடைய சகாக்களும் வங்கி நடத்துபவர்களோடு உட்கார்ந்து ஒரு புது ஏற்பாட்டை வடிவமைத்தார்கள். 2005-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வங்கிக்கும் 'ஷேர்' என்ற பொய்ப்பணம் தரப்படும். அதை வைத்து வேறெதையும் வாங்கமுடியாது. எவ்வளவு ஷேர் என்பதை அந்த வட்டாரத்தின் ஏழ்மைதான் முடிவு செய்யும். ஏழைகள் அதிகம் என்றால் ஷேரும் அதிகம். ஒரு நாளைக்கு 2 முறை ஏலம். யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. கூடக் கேட்டவருக்கு லாரி.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அன்று செலவான ஷேர் முழுவதும் நள்ளிரவில் மறுபடி எல்லா வங்கிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது, அதே தேவைக் கணக்கின்படி. ஏலச்சீட்டில் ஒருவர் தள்ளி எடுத்தால், தள்ளிய தொகை மற்ற எல்லோருக்கும் பிரிந்து வருமே, அதேதான்! ஒரு வங்கி பாஸ்தாவுக்காக இன்று வாரி இறைத்தால் நாளைக் காலையில் மற்ற எல்லா வங்கிகளின் கையிருப்பும் கொஞ்சம் ஏறியிருக்கும். மொத்த ஷேர் குறைவதே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏலத்துக்கு ஆள் ஒதுக்கமுடியாத சின்ன வங்கிகளுக்காகத் தலைமை அலுவலகமே கேட்டுத் தரும், கைமாற்றாக வட்டியில்லாமல் ஷேரும் தரும்.

அப்புறம் விலைகள் பேசத் தொடங்கின. காய்கறி ஏறக்குறைய ஒன்றுமில்லாத விலைக்குப் போனது. பாஸ்தாவும் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய உணவும் அதைப்போலப் பல மடங்கு. யாருமே விரும்பாத சரக்குக்கு விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கலாம். அதாவது, லாரியை ஏற்றுக்கொள்கிறவருக்கே ஷேர் கிடைக்கும். உள்ளூரில் காய்கறி கொட்டிக்கிடக்கும் வங்கி ஷேரைச் சேர்த்துவைத்து அரிதான ஒன்றை எடுக்கும். எதுவுமே இல்லாத வங்கி மலிவானதை நிறைய அள்ளிக்கொள்ளும்.

மேற்கு மிச்சிகன் உணவு வங்கியை நடத்திய ஜான் ஆர்னால்ட் இதை முதலில் எதிர்த்தார். தான் ஒரு சோஷலிஸ்ட், சந்தையில் நம்பிக்கை இல்லாததால்தான் உணவு வங்கியே நடத்துகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஏலம் நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மனம் மாறினார். கொள்கையைவிடப் பசித்தவனின் தட்டைப் பார்த்து முடிவெடுத்த அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை அதிகம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இருவர் ஆண்களையும் பெண்களையும் எப்படி ஜோடி சேர்த்தால் யாரும் பிரிந்து போக நினைக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். நம் ஊரில் இதற்கு நிதி கேட்டிருந்தால், "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்தக் கணக்குதான் பின்னால் நியூயார்க் நகரப் பள்ளிகளின் மாணவர் சேர்க்கைக்கு உதவியது. ஷாப்லிக்கும், அந்தக் கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்த பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. பணமில்லாமல் பங்கிடுவது எப்படி என்ற அந்த ஆராய்ச்சிக்கு உறவுக்காரன்தான் இந்த ஏலமும். அடிப்படை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் காசைச் செலவாக எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

சரி, ஏலத்தில் எடுத்த லாரி வந்து நின்ற பிறகு? அங்கேதான் தன்னார்வலர்கள் வருகிறார்கள். அமெரிக்காவில் சில காலம் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை அப்படிப்பட்ட கிடங்குக்குப் போனேன். என்னோடு மேசையில் நின்றவர்கள் 2 பள்ளி மாணவர்களும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும். கடைகளிலிருந்து கலந்துகட்டி வந்த டப்பாக்களைப் பிரிப்பது வேலை. எனக்குப் பாடம் எடுத்தவர் தபால்காரர். டப்பாவின் மூடி உடம்போடு சேரும் விளிம்பில் தகரம் இரட்டையாக மடிந்திருக்கும். விரலை அதன்மேல் ஓடவிடச் சொன்னார். மடிப்பில் நெளிவு இருந்தால் காற்றும் கிருமியும் நுழைய வழி உண்டு, தள்ளிவிடு. உடம்பில் விரல் புதையும் அளவுக்குப் பள்ளம் இருந்தாலும் தள்ளிவிடு. மூடி உப்பியிருந்தால் உள்ளே பாக்டீரியா வாயுவை உண்டாக்கியிருக்கலாம், திறந்து பார்க்கவே கூடாது. துடைத்தால் போகும் மேல்துரு பரவாயில்லை. தேதி தாண்டியது என்பதற்காக மட்டும் நல்ல டப்பாவை எறியாதே, அந்தத் தேதி பெரும்பாலும் ருசியைத்தான் சொல்கிறது, குழந்தைகளுக்கான பால்மாவுக்கு மட்டும் தேதி தேதிதான் என்றார். தேதியைப் பார்த்ததும் விஷம் என்று பதறி நல்ல உணவைக் கொட்டுவதும் ஒரு மூடநம்பிக்கைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மதியம் ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. கதவு திறந்ததும் உள்ளே வேர்க்கடலை வெண்ணெய், கூரை வரை. மேற்பார்வை பார்த்த அம்மாள் கையைத் தட்டினார். "இதுக்காக 3 வாரமா ஒண்ணுமே கேக்காம ஷேரைச் சேத்து வெச்சோம்" என்றார். தபால்காரர் கையுறையைச் சரிசெய்துகொண்டு முதல் பெட்டியை இறக்கப் போனார்.