ஜமைக்கா பேட்டீஸ்: கறியை ராத்திரி முழுக்க அடுப்பில் விடாதீர்கள்

மறுபடியும் அதே கதை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே ஜமைக்கா பேட்டீஸ், அதாவது மஞ்சள் மாவில் கறி வைத்து மடித்து ஓவனில் சுடும் பலகாரம். முந்தின இரவே கொத்துக்கறி தயார். சட்டியை மூடி அடுப்பின்மேலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். மறுநாள் மாவில் வைத்து மடித்து, பார்க்க அழகாகச் சுட்டும் எடுத்தாயிற்று. அடுத்த நாள் விடியும்போது சாப்பிட்டவர்களில் பாதிப்பேருக்கு வயிற்றுப்போக்கு. பழியை எதன்மேல் போட்டார்கள்? ஸ்காட்ச் பானெட் மிளகாய்மேல்! "காரம் ஒத்துக்கல" என்கிறார்கள்.

காரம் அல்ல, கறி. அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஓவன்ல மறுபடியும் வேகுதே, கிருமி எல்லாம் செத்துடாதா?" உணவுப் பாதுகாப்புத் தொழிலில் இருப்பவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி இது. விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய சட்டியில் கறி மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். 45 டிகிரி வாக்கில் சூடு இருந்தால் பத்து நிமிடம் சொச்சத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மூடிய சட்டி மணிக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே கிடக்கிறது. காலையில் ஓவன் கொன்றுவிடாதா என்றால், நடுக்கறி 74 டிகிரியைத் தொட்டால்தான் முளைத்த கிருமியைக் கொல்லும். பேட்டீஸின் மேலோட்டில் மஞ்சள்தூள் இருப்பதால் உள்ளே சூடேறுவதற்கு முன்பே வெளியே வெந்ததுபோல நிறம் காட்டிவிடும். நிறத்தைப் பார்த்து வெளியே எடுப்பவர்கள்தான் அதிகம். போதாததற்கு, கையிலிருந்து வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி கறியில் விட்டுவைக்கும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. கிருமி செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். ஆக, ஓவன் பாவமன்னிப்புக் கூண்டு அல்ல.

கறியை அகலமான தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அடியில் ஐஸ்கட்டித் தட்டு வைத்தால் இன்னும் நல்லது. ஆவி அடங்கியதும் மூடாமலே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுப்பை அணைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது முடிந்தாக வேண்டும். வெக்கைநாளில் ஒரு மணி நேரம்தான். சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்பார்கள். கெடாது, தயங்காமல் வையுங்கள்.

இன்னொரு கூட்டம் நேர் எதிர்: அவசரத்தில் சூட்டோடே மாவில் வைத்து மடிக்கும். கொழுப்பு உருகி மாவு பிசுபிசுக்கும், ஓரம் ஒட்டாது, ஓவனில் வாய் பிளந்து குழம்பு தட்டில் ஓடும். நன்றாகக் குளிர்ந்த கறிதான் வயிற்றுக்கும் மேலோட்டுக்கும் நல்லது.

பத்து பேட்டீஸுக்கு 500 கிராம் மாட்டுக் கொத்துக்கறி, ஒரு பெரிய வெங்காயம், நான்கு வெங்காயத்தாள், பூண்டு, ஒரு டீஸ்பூன் தைம் இலை, அரை டீஸ்பூன் பிமென்டோ தூள் (மசாலாக் கடையில் ஆல்ஸ்பைஸ் என்று கேளுங்கள்), உப்பு, ஒரு ஸ்காட்ச் பானெட். வதங்கியதும் ஒரு கப் தண்ணீர், 40 கிராம் ரொட்டித்தூள் சேர்த்து, கரண்டியால் கீறினால் கோடு மெல்ல மூடும் பதம்வரை வற்றவிடுங்கள். சூட்டில் தளர இருப்பது குளிர்ந்ததும் இறுகும். முழுக்க வற்றவிட்டால் சுட்டபின் மணல்மாதிரி உதிரும்.

மாவுக்கு 400 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் கறித்தூள், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, 200 கிராம் குளிர்ந்த கொழுப்பு. மாட்டுச் சிறுநீரகக் கொழுப்பும் வெண்ணெயும் பாதிப்பாதியாக இருந்தால் சரியான மொரமொரப்பு வரும். மஞ்சள் நிறம் முட்டையால் வருவது என்று நினைத்து முட்டையைக் கொட்டாதீர்கள். கொழுப்பைப் பட்டாணி அளவுக்கு உதிர்த்து, 120 மில்லி ஐஸ் தண்ணீர் தெளித்து ஒன்றுசேருங்கள். சப்பாத்தி மாவுபோல அடித்துப் பிசையக் கூடாது. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில், 15 சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டுங்கள். மூன்று மேசைக்கரண்டி கறி போதும். ஓரத்தில் தண்ணீர் தடவி மடித்து, முள்கரண்டியால் அழுத்தி, மேலே இரண்டு துளை. 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் வெப்பமானி குத்திப் பாருங்கள். வெப்பமானி இல்லாத வீடுகளே, ஒன்று வாங்குங்கள்.

ஸ்காட்ச் பானெட்டைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் ஒரு லட்சத்துக்கு மேல் போகும் மிளகாய் அது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் தங்கி, கண்ணைத் தொட்டால் காட்டிவிடும். கிடைக்காவிட்டால் ஹபனேரோ போடுங்கள். பச்சைமிளகாயில் அந்தப் பழவாசம் வராது.

மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் கோழி வைக்கலாம், மாவில் முழுக்க வெண்ணெய். ஜமைக்காவில் 'ஆக்கி' என்ற பழத்தை உள்ளே வைத்த பேட்டீஸும் உண்டு. ஆனால் மரத்தில் தானாக வாய் திறக்காத ஆக்கிப் பழத்தில் ஹைப்போகிளைசின் நஞ்சு இருக்கிறது, உயிரையே குடிக்கும். பழக்கமில்லாதவர்கள் கடையில் விற்கும் டப்பா ஆக்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1985இல் கனடா அரசின் ஆய்வாளர்கள் டொரோண்டோ கடைக்காரர்களிடம், 'பீஃப் பேட்டி' என்றால் மாவு இல்லாத வெறும் கறித்தட்டைதான், மாவு சுற்றியதை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று மல்லுக்கட்டினார்கள். கடைசியில் 'ஜமைக்கன் பேட்டி' என்று சமரசம் ஆனது. எங்கள் துறைக்காரர்கள் அவ்வளவு மூச்சையும் கறி ஆறவைப்பதைச் சொல்லச் செலவிட்டிருக்கலாம்.

டொரோண்டோ சுரங்க ரயில் நிலையத்தில் வாங்கித் தின்று வளர்ந்த பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். மிச்சத்தைச் சுடாமல் உறையவைத்தால், உருகவிடாமல் நேரே ஓவனில் வையுங்கள். 190 டிகிரியில் 40 நிமிடம் பிடிக்கும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்போது வெதுவெதுப்பாக டப்பாவில் அடைக்காதீர்கள். கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிய ஃபிளாஸ்க்கில் ஆவிபறக்க வையுங்கள், இல்லையென்றால் ஐஸ் பொதியோடு குளிரக் குளிர அனுப்புங்கள்.