ஓட்டையை எங்கே போடுவது?

சிங்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டாரின் ரோட்டரை, அதாவது சுற்றும் பாகத்தை, உருவிப் பார்த்தால் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். காந்தம் இல்லை, வைண்டிங் இல்லை, சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரில் இருக்கும் அலுமினியக் கூண்டும் இல்லை. சிலிக்கான் எஃகுத் தகடுகளின் அடுக்கு, ஒவ்வொரு தகட்டிலும் பிறை பிறையாக ஓட்டைகள். அவ்வளவே. ஆனால் மோட்டார் சுற்றுவதே அந்த ஓட்டைகளை நம்பித்தான்.

காந்தப் பாயத்துக்கு, அதாவது காந்தப்புலத்தின் ஓட்டத்துக்கு, இரும்பு தார்ச்சாலை, காற்று சேற்று வயல். பிறைகளுக்கு நடுவே உள்ள இரும்புப் பட்டைகளின் நீளவாக்கில் பாயம் சிரமமின்றி ஓடும்; குறுக்கே போவதென்றால் ஒவ்வொரு ஓட்டையையும் தாண்ட வேண்டும். ரோட்டரைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் காந்தப்புலம் சுழலும்போது, சுலபமான வழி அதற்கு நேராக வரும்படி ரோட்டர் இழுபடுகிறது. சுமை இருப்பதால் ஒரு கோணம் பின்தங்கியே, ஆனால் அதே வேகத்தில் சுற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் என்றால் நிமிடத்துக்குச் சரியாக 1500 சுற்று. ரோட்டரில் மின்னோட்டத்துக்கு வேலையில்லை என்பதால் அங்கே சூடும் குறைவு; பேரிங்குக்கு நிம்மதி.

நீளவாக்கு, குறுக்கு என்ற இரண்டு திசைகளின் தூண்டல் எண்களுக்கு (அந்தத் திசையில் ஒரு ஆம்பியர் எவ்வளவு பாயத்தை எழுப்புகிறது என்ற அளவுக்கு) இடையிலான வித்தியாசம் திருப்பு விசையைத் தருகிறது, விகிதம் திறன் காரணியை, அதாவது வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்பதை, தீர்மானிக்கிறது. விகிதம் 7 என்றால், மற்ற இழப்புகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், திறன் காரணி அதிகபட்சம் 0.75தான். இதுதான் இந்த மோட்டாரின் பலவீனம்: அதே வேலைக்கு இன்வெர்ட்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித்தரும் பெட்டி) கூடுதல் ஆம்பியர் தர வேண்டியிருக்கும்.

விகிதத்தைக் கூட்ட ஓட்டையை விளிம்புவரை வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டினால் பட்டைகள் தனித்தனியாகப் பிய்த்துக்கொண்டு பறக்கும். அதனால் விளிம்பில் மெல்லிய இரும்புப் பாலம் ஒன்றை விட்டுவைக்கிறார்கள். அதன் வழியே பாயம் கசியும். ஏறக்குறைய 2 டெஸ்லாவில் பாலம் பூரிதமடைந்த, அதாவது அதற்கு மேல் பாயத்தை எளிதில் ஏற்காத நிலைக்கு வந்த, பிறகுதான் கசிவு மட்டுப்படும். மெலிதாக இருக்க இருக்க மின்காந்தக்காரருக்குச் சந்தோஷம், எந்திரவியல்காரருக்குக் கவலை. வேகம் இரட்டித்தால் பாலத்தை இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. பிரஸ்ஸில் அடிப்பவரும் குறுக்கே வருவார்: தகட்டின் தடிமனைவிட மெலிதாக அடிப்பது கடினம். என் பார்வையில் இந்த மோட்டாரின் வடிவமைப்புச் சண்டை பாதிக்கு மேல் இந்தப் பாலத்தின் மேல்தான் நடக்கிறது.

மீதிச் சண்டை சத்தத்தோடு. ஓட்டைகளின் முனைகள் ஸ்டேட்டர் பற்களுக்கு ஒரே நேரத்தில் நேராக வந்தால் திருப்பு விசை குலுங்கும், மோட்டார் உறுமும். முனைகளின் இடைவெளியைப் பற்களோடு ஒத்துப்போகாத எண்ணிக்கையில் அமைப்பது அதனால்தான்.

பல ஓட்டைகள் கொண்ட ரோட்டரைப் பற்றிக் கோஸ்ட்கோ என்பவர் 1923-லேயே எழுதிவிட்டார். ஆனால் கூண்டு இல்லாத ரோட்டர், 50 ஹெர்ட்ஸ் மின்இணைப்பில் நேராக மாட்டினால், தானாகக் கிளம்பாது. வேகத்தை மெல்ல ஏற்றித்தரும் மலிவான இன்வெர்ட்டர் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஏபிபி நிறுவனம் இதை இன்வெர்ட்டரோடு சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது 2011-ல்; அரிய மண் காந்தங்களின் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த நேரம் அது.

இப்போது அந்த ஓட்டைகளுக்குள்ளேயே மலிவான ஃபெரைட் காந்தங்களைச் செருகுகிறார்கள். அவை குறுக்குப் பாயத்தை எதிர்க்கின்றன. பாலத்தையும் தாமே பூரிதமாக்கி வைக்கின்றன. திறன் காரணி ஏறுகிறது, இன்வெர்ட்டரின் சுமை இறங்குகிறது.