கார் மேல் ஜாங்கிரி பிழியும் இயந்திரம்

சென்னை புதுப்பேட்டையில், பழைய கார் பாகங்கள் விற்கும் கடையில் ஒரு பழைய பானெட்டை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "எந்த வண்டிக்கு சார்?" என்றார் கடைக்காரர். எந்த வண்டிக்கும் இல்லை, பாலிஷ் போட்டுப் பழகுவதற்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தவர், கேட்காமலே நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

விஷயம் என் மச்சானின் கறுப்பு கார். நிழலில் நின்றால் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயிலுக்கு வந்தால் போச்சு, சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கீறல்கள். நான்கு வருடமாகத் தூசியோடு சேர்த்து வறட்டுத் துணியால் துடைத்ததற்குக் கிடைத்த கூலி. அதை எடுக்கத்தான் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் ஒன்று வாங்கினேன். நேராக அவர் வண்டியில் கைவைக்கத் துணிச்சல் இல்லாததால் பானெட்.

அந்த வட்டங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை வட்டங்களே இல்லை. வீட்டில் தேய்ந்துபோன எவர்சில்வர் தட்டு ஒன்றை பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய வளையங்கள் தெரியும். தட்டை நகர்த்தினால் வளையங்களும் பிம்பத்தோடு நகரும். கீறல் எப்படி நகரும்? தட்டில் எல்லாத் திசையிலும் கோணல்மாணலாகக் கீறல்கள் கிடக்கின்றன. ஒரு கீறல், தனக்குக் குறுக்கான திசையில்தான் ஒளியைச் சிதறவிடும். அதனால் பிம்பத்தை அணைத்தாற்போலக் கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு மின்னுகின்றன, மற்றவை ஒளிந்துகொள்கின்றன. "யாரோ வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள்" என்று வாட்டர் வாஷ் பையன்களைத் திட்டுவதில் பாதி அநியாயம்.

கீறல்கள் இருக்குமிடம் கிளியர் கோட். இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாக இந்த நிறமில்லாத மேல்பூச்சு. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் மொத்தமுமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் போடுவது என்பது கீறலை எதையாவது வைத்து அடைப்பதல்ல. கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றுப்புறம் முழுவதையும் இழைத்து இறக்குவது. இழைக்கும்போதும் கீறல் விழத்தான் செய்யும். ஆனால் அவை மிகமிகச் சிறியவை. மெருகேற்றுவது என்றால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீறல்களைப் பொடியாக்குவதுதான் என்று 1704-லேயே நியூட்டன் எழுதியிருக்கிறார். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. அதைவிட ஆழம் மிகக் குறைந்த கீறலை ஒளி பொருட்படுத்தாமல் போய்விடும், பரப்பு கண்ணாடியாகத் தெரியும்.

ஆக, கையிருப்பு ஒரு தலைமுடிக்கும் குறைவு. அதிலிருந்துதான் செலவு செய்யவேண்டும். எந்த இயந்திரத்தை நம்பி என்பதுதான் கேள்வி.

டிங்கரிங் கடைகளில் காலங்காலமாகப் புழங்குவது ரோட்டரி. மோட்டாரின் அச்சில் நேராக பேட், அதாவது தேய்க்கும் வட்டமான மெத்தை, உட்கார்ந்திருக்கும், பம்பரம்போலச் சுற்றும். 150 மில்லிமீட்டர் பேட் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு வினாடிக்குக் கிட்டத்தட்ட 12 மீட்டர் வேகத்தில் பெயின்ட்டைத் தேய்க்கிறது. நடுப்புள்ளியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேலை முழுக்க விளிம்பில், சூடும் விளிம்பில். கை கொஞ்சம் சாய்ந்தால் அந்த விளிம்பு ஒரே இடத்தைக் குடையும். மோட்டார் நிற்காது, அதற்குத் தெரிந்தது சுற்றுவது மட்டும்தான். கிளியர் கோட் ஒருவகை பிளாஸ்டிக் என்பதால் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. கீழே இரும்பாவது இருந்தால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் பம்பரில் அதுவும் கிடையாது. பெயின்ட் இளகி, இழுபட்டு, சில நொடிகளில் பிரைமர் எட்டிப் பார்க்கும். கைதேர்ந்தவர்கள் ரோட்டரியில் அற்புதம் செய்கிறார்கள். நான் கைதேர்ந்தவன் இல்லை.

டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. மோட்டாரின் அச்சு ஒரு இடத்தில், பேட் உட்காரும் அச்சு சில மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு இடத்தில். அதனால் மோட்டார் சுற்றும்போது பேட்டின் மையமே ஒரு சின்ன வட்டத்தில் ஓடும். அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் த்ரோ என்கிறார்கள். 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வருகிறது. என்னுடையது 15.

மாவு சலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சல்லடையை இரண்டு கையாலும் பிடித்து வட்டமாக ஆட்டுகிறோம். சல்லடை தன்னைத்தானே சுற்றுவதில்லை, பிடித்த கை பிடித்தபடியே இருக்கிறது. ஆனால் அதன் ஒவ்வொரு புள்ளியும், நடுவோ ஓரமோ, ஒரே அளவு வட்டத்தை ஒரே வேகத்தில் போடுகிறது. இந்த பாலிஷரின் முதல் அசைவு அதுதான். 15 மில்லிமீட்டர் த்ரோவில் நிமிடத்துக்கு 4,000 முறை என்றால் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர், பேட் முழுக்க ஒரே சீராக. ரோட்டரியின் விளிம்பு வேகத்தில் கால்வாசி.

இரண்டாவது அசைவு, பேட் தன்னைத்தானே சுற்றுவது. அதை மோட்டார் நேரடியாகச் செய்வதில்லை. பேட் ஒரு பேரிங்கில் சும்மா தொங்குகிறது. உள்ளே ஓடும் அச்சு அந்த பேரிங்கை லேசாக உரசி இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். விரலால் பிடித்தாலே நின்றுவிடும் அளவு பலவீனமான இழுப்பு. கட்டாயமாகச் சுற்றவைக்கும் பல்சக்கர ரகமும் உண்டு, நான் சொல்வது அதை அல்ல.

அப்படியானால் காரின் மேல் அழுத்தி வைத்ததும் பேட் நின்றுவிடாதா? எனக்கும் முதலில் புரியவில்லை. விரலில் இறுகிய மோதிரத்தைக் கழற்றுவதை யோசித்தபோது பிடிபட்டது. நேராக இழுத்தால் வராது, திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். உராய்வு எப்போதும் நகரும் திசைக்கு எதிராகத்தான் வேலை செய்யும். திருகும்போது அதன் பலம் பெரும்பாலும் திருகலை எதிர்ப்பதில் போய்விடுகிறது, இழுக்கும் திசையில் எதிர்ப்பு குறைகிறது. இங்கேயும் பேட் ஏற்கெனவே நிமிடத்துக்கு 4,000 முறை வழுக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் அந்தப் பலவீனமான இழுப்புக்கே மெதுவாகச் சுற்றிக் கொடுக்கிறது.

இரண்டு அசைவும் சேர்ந்தால், பேட்டில் ஒட்டியிருக்கும் ஒரு துகள் என்ன கோடு போடும்? கடைகளில் ஜாங்கிரி பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வட்டத்தின் மேல் குட்டிக் குட்டிச் சுழிகளாகக் கை சுற்றிக்கொண்டே போகும். அச்சு அசலாக அதே கோடு. பேட்டின் சுற்றும் நம் கை நகர்வதும் ஒன்றுக்கொன்று கணக்கு ஒத்துப்போவதில்லை என்பதால் ஒரு ஜாங்கிரி இன்னொன்றின் மேல் அப்படியே விழாது. கீறல்கள் எல்லாத் திசையிலும் கலந்துவிடுகின்றன. ரோட்டரியில் எல்லாத் துகளும் ஒரே பக்கமாக நீள வளைவுகள் போடும். வெயிலில் பார்த்தால் ஹோலோகிராம்போலப் பட்டை பட்டையாக மின்னுவது அதனால்தான்.

சரி, பானெட்டுக்கு வருவோம். முதலில் தடிமன் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அடியில் இருக்கும் இரும்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காந்தப்புலத்தை வைத்துக் கணக்கிடும் கருவி அது. இடது ஓரத்தில் 115 மைக்ரான், வலது பக்கம் 240. யாரோ அந்தப் பக்கம் மட்டும் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கடைக்காரர் நூறு ரூபாய் குறைத்த ரகசியம் இதுவாகவும் இருக்கலாம்.

காம்பவுண்டை, அதாவது இழைக்கும் பசையை, பேட்டில் நான்கு சொட்டு வைத்து, பானெட்டில் ஒற்றுவதற்கு முன்பே ஸ்விட்சை அழுத்திவிட்டேன். சட்டை, சுவர், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் பாலிஷ் ஆனது. காற்றில் தடுக்க எதுவும் இல்லாதபோது பேட் தாறுமாறாகச் சுற்றும் என்பதை இப்படியும் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் உருப்படியாக ஒன்று செய்தேன். பேட் ஒட்டும் தகட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டேன். சமமான இடத்தில் வைத்து மிதமாக அழுத்தினால் கோடு நிதானமாகச் சுற்றி வருவது தெரிகிறது. ஆத்திரத்தோடு அழுத்தினால் சுணங்குகிறது. பேட்டைச் சாய்த்து ஒரு விளிம்பை மட்டும் அழுத்தினால் கோடு அப்படியே நின்றுவிடுகிறது, அதிர்வு மட்டும் இருக்கிறது. நின்றுவிட்டால் இழைப்பதும் வெகுவாகக் குறைந்துவிடும். அதாவது, தப்பு செய்யும்போது இயந்திரம் வேலைநிறுத்தம் செய்கிறது. ரோட்டரியில் என் தப்பு பெயின்ட்டில் போய் விழும், இங்கே பேரிங்கில் போய் வழுக்கிவிடுகிறது. ஒரு இயந்திரத்தின் பலவீனமான மூட்டுதான் அதன் பாதுகாப்பு என்பது எனக்குப் பிடித்திருந்தது.

கையில் ஒரு சங்கடம் உண்டு, அதிர்வு. தகடும் பேட்டும் சேர்ந்து 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், 4,000 சுற்றில் அவை அச்சை வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 27 கிலோ எடைக்குச் சமம், அதுவும் திசை மாறிக்கொண்டே. அதைச் சமன்செய்ய எதிர்ப்பக்கம் ஓர் எடைக்கட்டியை வைத்திருக்கிறார்கள். கட்டியின் எடை நிலையானது. பேட்டோ காம்பவுண்டைக் குடித்துக் கனத்துக்கொண்டே போகும். பானெட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு செய்ததில், மூன்றாவது கட்டம் முடித்தபோது விரல்கள் மரத்துப்போயின. பேட்டை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ததும் குறைந்தது.

ஒரு கட்டம் என்பது இரண்டடிக்கு இரண்டடி இடம், நிமிடத்துக்கு 4,000 சுற்று, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை. கை நகரும் வேகம் வினாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், எறும்பு ஊர்வதுபோல. காம்பவுண்டில் இருப்பது நுண்ணிய அலுமினா துகள்கள். பல காம்பவுண்டுகளில் அவை உடைந்து உடைந்து பொடியாகும், அவசரப்பட்டால் பெரிய துகளோடேயே நின்றுவிடுவோம். முடித்துத் துடைத்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடுதான். டார்ச் அடித்துப் பார்த்தால் வலை காணவில்லை. ஆனால் பால் படிந்தாற்போல ஒரு மங்கல். நல்ல வெட்டு வெட்டும் பேட், மென்மையான பெயின்ட்டில் இப்படிப் புகை மாதிரி விட்டுவைக்கும். மெத்தென்ற பேட்டும் நைஸ் பாலிஷும் போட்டு இன்னொரு சுற்று வந்ததும் அதுவும் போனது.

நகம் சிக்கும் ஆழமான கீறல் ஒன்று நடுவில் இருந்தது. அது போகவில்லை, போகவைக்கவும் கூடாது. அதன் அடிமட்டம் வரை இறக்கினால் கிளியர் கோட்டில் மிச்சம் இருக்காது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

பாலிஷ் போட்ட பாதியில், பானெட்டின் நீள மடிப்பு மேட்டில் மட்டும் ஒரு நூலளவுக்குப் பழைய வலை அப்படியே இருக்கிறது. அங்கே வந்தபோதெல்லாம் கறுப்புக் கோடு நின்றுவிட்டது. மடிப்புகளில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், இயந்திரமே தயங்கும் இடத்தில் நான் எதற்குப் பிடிவாதம் பிடிக்க? விட்டுவிட்டேன். பானெட் இப்போது போர்ட்டிகோவில் சாய்ந்து நிற்கிறது, பாதி கண்ணாடி, பாதி வலை. மச்சான் வந்து இரண்டு பாதியையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவருகிறேன் என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "முதல்ல பின்பக்கக் கதவுலேர்ந்து ஆரம்பிங்க" என்றார்.