பில்ஸ்னரில் வெண்ணெய் மணக்கக் கூடாது

பென்சில்வேனியாவில் மதுக்கூடங்களின் பியர் குழாய்களைப் பரிசோதித்துக் கழுவுவது என் வேலை. உள்ளூர்ச் சிற்றாலைகள் காய்ச்சும் ஜெர்மன் பாணி பில்ஸ்னரை, அதாவது பொன்னிறமான கசப்புப் பியரைக் குடித்துவிட்டு, “இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கோப்பையை வாங்கி முகர்ந்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1842-இல், இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் நகரில், யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் காய்ச்சிய பொன்னிற லாகர்தான் (குளிரில் நொதிக்கவைக்கும் பியர்) இந்த வகைக்கு மூலம். ஜெர்மானியர் அதில் இனிப்பைக் குறைத்துக் கசப்பைத் தூக்கலாக்கினார்கள். 1996-இல் பென்சில்வேனியாவின் டௌனிங்டவுனில் தொடங்கிய விக்டரி ஆலையின் பிரைமா பில்ஸ் அந்த வழியில் வந்தது. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஐரோப்பிய ஹாப்ஸை முழுப் பூவாகவே போடுகிறார்கள். புதிதாக இருக்கும்போது பச்சிலையும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணம் எழும்; விழுங்கியபின் கசப்பு நாக்கைத் துடைத்துவிட்டுப் போகும்.

ஹாப்ஸை அள்ளிப் போடும் ஐபிஏ வகைப் பியரில் அதன் மணம் சிறு குறைகளை மூடிவிடும். பில்ஸ்னருக்கு அந்தச் சலுகை கிடையாது. கழுவாத குழாயில் லாக்டிக் அமில பாக்டீரியா குடியேறினால் டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. பியர் வெண்ணெய் தடவியதுபோல் மணக்கிறது. ஆலையில் அவசரப்பட்டாலும் இதே குறை வரும். செக் பில்ஸ்னரில் இது லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஜெர்மன் பாணியில் பிழைதான். குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்கிறது அமெரிக்க பியர் ஆலைகளின் சங்கம். குழாயின் மூக்கைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் வழுவழுவென்று பாசி ஒட்டிவரும் கடைகளும் உண்டு. அங்கே எந்த விலைக்கு வாங்கினாலும் அதே வெண்ணெய்தான்.

டின்னில் வாங்குகிறவர்கள் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பல மாதங்கள் வெப்பத்தில் கிடந்த பியர் ஈர அட்டைப்பெட்டி மணம் அடிக்கும். பச்சைக் கண்ணாடிப் பாட்டிலை நான் வாங்குவதில்லை. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் வந்துவிடும். பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும். டின்னுக்குள் வெளிச்சமே போகாது.

கோப்பையின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது சரியாகக் கழுவப்படவில்லை. பனி பூத்த கோப்பையும் வேண்டாம். கடுங்குளிரில் மணம் அடங்கிவிடும். (இதைச் சொன்னால் கடைக்காரர்களுக்குக் கோபம் வருகிறது, கோடையில் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள்.)

பில்ஸ்னர் இலேசான பியர் என்ற நினைப்பும் தவறு. அமெரிக்கக் கணக்கில் 5% பியர் 12 அவுன்ஸ், அதாவது 355 மி.லி., மதுவை எண்ணும் ஒரு ‘அளவு’. அதில் 14 கிராம் ஆல்கஹால். மதுக்கூடத்தில் ஊற்றுவதோ பெரும்பாலும் 16 அவுன்ஸ். 5.3% பில்ஸ்னர் என்றால் கிட்டத்தட்ட 20 கிராம். இரண்டு கோப்பை குடித்தவர் ஏறக்குறைய மூன்று அளவு குடித்திருக்கிறார். இரண்டுதானே என்று எண்ணி வண்டிச் சாவியை எடுக்கக் கூடாது.

வெண்ணெய் மணத்தால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதே குழாயிலிருந்து மறுபடி வாங்காதீர்கள். டின் இருக்கிறதா என்று கேளுங்கள்.